ஆடாத காகிதம்

நான் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றக் கிளம்பிய செவ்வாய்க்கிழமை, வழியனுப்ப வருகிறேன் என்ற சித்தி வரவில்லை. ரயில் நகர்ந்த பிறகுதான் போன் வந்தது. "கோவிச்சுக்காதேடி, ஒரு ஹூட்டைப் பூட்டிட்டு நிக்கறேன்."

சித்தி பல்கலைக்கழக வேதியியல் துறையில் ஆய்வக உதவியாளர். ஆறு வருஷமாகத் தற்காலிகம். அவளை நிரந்தரமாக்கும் ஃபைல் அந்த வாரம்தான் பேராசிரியரின் மேசைக்கு வந்திருந்தது. ஹூட் என்பது கண்ணாடிக் கதவு வைத்த பெரிய அலமாரி. உள்ளே சூடாகும் ரசாயனங்களின் ஆவியை மொட்டைமாடியில் இருக்கும் விசிறி இழுத்து வெளியே தள்ளும். ஒழுங்காக இழுக்கிறதா என்று திங்கள்தோறும் பார்த்து அட்டையில் கையெழுத்துப் போடுவது சித்தியின் பொறுப்பு.

அன்று காலை ஆராய்ச்சி மாணவி ஒருத்தி நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, மூணு நாளா தலைவலி."

"விடிய விடிய போனை நோண்டினா வலிக்காம என்ன செய்யும்?"

சிரித்துக்கொண்டே ஹூட்டின் பக்கம் போன சித்திக்கு மூக்கு எரிந்தது. டிஷ்யூ காகிதத்தில் ஒரு நறுக்கைக் கிழித்துக் கதவின் கீழ் விளிம்பில் ஒட்டினாள். காற்றை இழுத்தால் அது உள்ளே பறக்கவேண்டும். கொடியில் போட்ட துணிபோல அப்படியே தொங்கியது. ஹீட்டரை அணைத்தாள். மாணவியை வராந்தாவுக்கு அனுப்பினாள். ஹூட்டைப் பூட்டினாள்.

பேராசிரியர் வந்தார். "ஓடுதேம்மா, சத்தம் கேக்கலையா?"

"சத்தம் போடறவங்க எல்லாருமா சார் வேலை செய்யறாங்க?"

வராந்தாவில் மாணவி வாயைப் பொத்திக்கொண்டாள். பேராசிரியர் அட்டையை எடுத்து நீட்டினார். "மூணு வாரமா சரின்னு கையெழுத்துப் போட்டது நீங்கதானே?"

இன்று காலைதான் கெட்டது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சித்தி சொல்லவில்லை.

"ஆமா சார். சத்தத்தை மட்டும் கேட்டுட்டுப் போட்டேன். தப்பு என்னோடது, எழுதியே தர்றேன். ஆனா இதுல யாரும் வேலை செய்யக் கூடாது. நீங்களும்தான்."

"உங்க பர்மனென்ட் ஃபைல் என் மேசையில இருக்கு. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். இந்த ஹூட்டோட சாவி என் பையில இருக்கு."

மத்தியானம் பாதுகாப்புக் குழு வந்து மாடியேறிப் பார்த்தது. விசிறியின் பெல்ட் அறுந்து, மோட்டார் மட்டும் வெட்டியாக உறுமிக்கொண்டிருந்தது. மற்ற மாடிகளிலும் இரண்டு ஹூட்டுகள் அப்படித்தான். மாணவியின் தலைவலி இரண்டே நாளில் போயிற்று. சித்திக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஃபைல் வந்த வழியே திரும்பிப் போனது.

"உனக்குப் பைத்தியமா சித்தி?" என்று போனில் கத்தினேன்.

"பொய்க் கையெழுத்தை வெச்சுக்கிட்டு பர்மனென்ட் ஆகி என்னடி பண்றது? தெனமும் அந்த அட்டையைத்தானே பாக்கணும்" என்றாள். குரலில் ஒரு பிசிறு இல்லை.

இரண்டு வருஷம் கழித்து, எங்கோ ஒரு துறைமுகத்தில் டிக்கெட் வரிசையில் நின்றபோது ஆறு விநாடி வீடியோ ஒன்று வந்தது. ஹூட்டின் கதவில் ஒரு காகித நறுக்கு உள்பக்கமாகப் படபடத்தது. அதை ஒட்டிவிட்டு விலகியது ஓர் ஆணின் கை. கீழே சித்தி எழுதியிருந்தாள்:

"கை சாரோடது. ஃபைல்லயும் அவரே கையெழுத்துப் போட்டுட்டாரு. நான் பர்மனென்ட். நீ எப்போ?"