வடக்கே சாயும் சூரியன்

சீரக வாசனை என்னைச் சிறுவயதில் வடகம் காய்ந்த மொட்டைமாடிக்கு இழுக்கிறது. திருச்செங்கோடு பேருந்து நிலைய டீக்கடையில், எதிர் பெஞ்சு அம்மாவின் பையிலிருந்து வருகிறது அது. ரிக் வண்டியில் போர்வெல் போடும் கணவரோடு அவர் முதன்முறையாக ஜாம்பியா போகிறார்.

"இவரு ஜூன் மாசம் அங்க வடகம் புழிஞ்சு, நம்மூரு தை மாசம் மாதிரி கூடாரத்துக்குத் தெக்கால காயவெச்சாராம். சூரியன் வடக்கால சாஞ்சு, பூராவும் நெழல்ல பூசணம் புடிச்சுருச்சாம்! புளுகுங்க."

"நெசந்தாங்க. பூமத்திய ரேகையத் தாண்டிட்டா ஜூன் மாசம் அப்படித்தான்," என்கிறேன்.

கணவர் துள்ளி எழுந்து என் கையைக் குலுக்குகிறார். "மூணு வருசமா நம்பலீங்க!"

பேருந்து உறுமுகிறது. அம்மா படியேறித் திரும்பிச் சிரிக்கிறார். "ஜூன்ல நானே புழிஞ்சு பாக்கறேன். தெக்கால காஞ்சுதுன்னா ரெண்டு பேரையும் உடமாட்டேனுங்க. வாரேன்!"