வலது காலின் மதிப்பெண்

பிரேக் கம்பெனியின் சோதனைத் தடத்தில் அவரைப் பாதம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஈரத் தரையில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போய் பிரேக்கை ஓங்கி மிதிப்பது அவருடைய வேலை. வண்டி நின்றதும் பெடலுக்கு மதிப்பெண் சொல்ல வேண்டும். பிறகு திரும்பி வந்து மறுபடி மிதிக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை, பத்தொன்பது வருடமாக. மாலையில் கழுத்து அவருடையது போலவே இருக்காது. என்ன வேலை என்று யாராவது கேட்டால், "கிளம்புறது, நிக்கிறது" என்பார்.

ஈரத்தில் ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். பூட்டாமலிருக்க ஏபிஎஸ் பெட்டி பிரேக் எண்ணெயின் அழுத்தத்தைச் சற்று விடும், பிடித்து வைக்கும், மறுபடி ஏற்றும். ஒரு நொடிக்குள் பத்துப் பன்னிரண்டு முறை. விட்ட எண்ணெயை ஒரு சின்ன பம்ப் திருப்பித் தள்ளும்போது பெடல் காலை உதைக்கும். உதை பலமாக இருந்தால் பழக்கமில்லாதவர்கள் பயந்து காலை எடுத்துவிடுவார்கள். அவர் மனைவியே ஒரு மழைநாளில் காலை எடுத்து, வீட்டுக்கு எதிரே இருந்த விளக்குக் கம்பத்தில் போய் நின்றாள். இறங்கி வந்து, "உதைக்கும்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?" என்று அவரைத்தான் திட்டினாள்.

அழுத்தத்தைக் கருவி அளந்துவிடும். ஓட்டுகிறவர் பயப்படுவாரா என்பதைக் கால்தான் சொல்ல வேண்டும். பத்துக்கு எத்தனை என்று அவர் சொல்வார்; உதை குறையக் குறைய மதிப்பெண் கூடும். எழுதிக்கொள்வார்கள்.

இந்த வருடம் சேர்ந்த பொறியாளர் பெண், அழுத்தத்தைச் சின்னச் சின்னப் படிகளாக ஏற்றும்படி பெட்டியின் கணக்கை மாற்றியிருந்தாள். நான்கிலேயே கிடந்த பெடல் ஆறுக்கு வந்தது. பிறகு ஏழு. போன வாரம் எட்டு. அவள் மேலதிகாரிகளிடம் சொல்லிவிட்டு ஓடி வந்தாள்.

"அண்ணே, உங்க கால்ல விழணும் போல இருக்கு."

"ஷூ கழட்டல, வேணாம்மா."

புதன்கிழமை சாயங்காலம் வீட்டில் வலது கால் ஷூவைக் கழற்றியபோது உள்ளேயிருந்து ஒரு திருகாணி தரையில் விழுந்து உருண்டது. பட்டறைத் திருகாணி. சாக்ஸின் அடியில் ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. மனைவி பள்ளிக்கூட அலுவலகத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். கைப்பை இன்னும் தோளில் இருந்தது.

"இத மிதிச்சுக்கிட்டா நாள் பூரா இருந்தீங்க?"

"தெரியல."

"தெரியலன்னா? ஊசி போட்டா ஊரக் கூட்டுற ஆளாச்சே."

குனிந்து அவருடைய கட்டைவிரலைப் பிடித்தாள். அவர் அவளுடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிள்ளுறேன்," என்றாள்.

"சரி."

அவள் ஏற்கெனவே நகம் பதியக் கிள்ளிக்கொண்டிருந்தாள். பையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "சுகர் டெஸ்ட் எடுத்து எத்தனை வருஷமாச்சு?" என்று கேட்டாள். அவருக்கு ஞாபகமில்லை.

மறுநாள் ஆட்கள் வருவதற்கு முன்பே தடத்துக்குப் போனார். கொட்டகை மூலையில் ஒரு பழைய வண்டி நிற்கும். அதில் இருப்பது ஆதிகாலத்துப் பெட்டி. அதன் பெடலுக்கு மதிப்பெண் இரண்டு, என்றைக்கும் இரண்டு. மற்ற பெடல்களை ஒப்பிட்டுச் சொல்வதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். தினமும் காலையில் அதை ஒருமுறை மிதித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும் என்பது விதி. அவர் அதை மிதித்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அந்த உதை தனக்கு மனப்பாடம் என்று விட்டிருந்தார்.

தண்ணீரைத் திறந்துவிட்டு எண்பதில் போய் மிதித்தார். பெட்டி கடகடவென்று இரைந்தது. ஸ்டியரிங் நடுங்கியது. காலுக்கடியில், அடுத்த வீட்டில் யாரோ கதவைத் தட்டுவது போல ஏதோ இருந்தது. திரும்பி வந்து மறுபடி மிதித்தார். மூன்றாவது முறை ஷூவைக் கழற்றிவிட்டு மிதித்தார். பிறகு வண்டியை ஓரமாக நிறுத்தி, இறங்காமல் இருந்தார்.

புதிய பெட்டியின் படிவம் அன்றுதான் தயாரிப்புப் பிரிவுக்குப் போக வேண்டும். பொறியாளர் பெண் அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"எல்லாம் முடிஞ்சுதுண்ணே. உங்க கையெழுத்து மட்டும்தான் பாக்கி."

"போட முடியாதும்மா."

"ஏன், பேனா இல்லையா?" சிரித்துக்கொண்டே தன் பேனாவை நீட்டினாள்.

"கால் மரத்துப்போயிருக்கு. பழைய வண்டிய மிதிச்சுப் பாத்தேன். இந்தக் காலு அதுக்கே ஏழு குடுக்கும்."

பேனாவை மூடினாள். "இன்னைக்குத்தானே இப்படி?"

நேற்றிலிருந்துதான் என்று சொன்னால் ஒரு நாள் ஓட்டம் வீணாகும், அவ்வளவுதான். எட்டு அப்படியே நிற்கும், அவளுடைய பெயரும் நிற்கும். கால் எந்தத் தேதியில் மரத்தது என்று யார் வந்து கேட்கப்போகிறார்கள். முதல் ஆறு கொடுத்த நாள் அவருக்கு நினைவிருந்தது. உதை குறைந்துவிட்டது என்று அன்று அவருக்கே சந்தோஷம்.

"எப்பலேர்ந்துன்னு தெரியாதும்மா. முதல் ஆறுலேர்ந்து எல்லாத்தையும் அடிச்சிடுங்க."

"அஞ்சு வாரம்ணே அது."

"ஆமா."

"தினம் பழைய வண்டிய மிதிச்சதா டிக் போட்டிருக்கீங்களே."

"டிக் போட்டேன். மிதிக்கல."

அவள் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். முகம் சிவந்திருந்தது.

"அப்ப என் கணக்கு?"

"சரியாவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது."

ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, "அவசரத்தைக் கூப்பிடுங்க. முதல்ல பழசு, அப்புறம் புதுசு" என்றாள்.

அவசரம் என்பவர் பட்டறையில் டயர் மாற்றுகிறவர். நாற்பது வயது, கை கால் எல்லாம் வேகம். பழைய வண்டியை மிதித்துவிட்டுக் காலை உதறிக்கொண்டே புதிய வண்டியில் ஏறினார். பாதம், எழுதும் பலகையோடு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்.

"என்ன பாதம், இன்னைக்கு ஓசி சவாரியா?"

"பேசாம ஓட்டு."

வேகம் எண்பதைத் தொட்டது. இத்தனை வருடமும் எப்போது மிதி விழும் என்று அவருக்கு முன்பே தெரியும், கழுத்து தானாக விறைத்துக்கொள்ளும். இப்போது ஒன்றும் தெரியாமல் தலை முன்னே போய், பின்னே வந்து மோதியது. பலகையும் பேனாவும் காலடியில் விழுந்தன.

"யப்பா! இதையா எட்டுன்னு சொல்லிட்டிருந்த?"

"எத்தனைன்னு சொல்லு."

"பழசு ரெண்டுன்னா, இது... நாலு. சரி, நாலரைன்னு வெச்சுக்க."

"நாலா, நாலரையா?"

அவசரம் அவர் முகத்தைப் பார்த்தார். "நாலு."

பாதம் பேனாவைத் தேடி எடுத்து எழுதினார். ஜன்னல் கண்ணாடியை இறக்கி, தடத்தின் ஓரத்தில் வெயிலுக்குக் குடை பிடித்து நின்றிருந்தவளுக்கு நான்கு விரல்களைக் காட்டினார். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, அடுத்த ஓட்டத்துக்குத் தண்ணீரைத் திறக்கப் போனாள்.