இரண்டாம் வகுப்பு உறைந்துபோன கதை

அண்ணிக்கும் எனக்கும் வீட்டிலும் பக்கத்துப் பக்கத்து அறை, இரண்டு பேரும் ஒரே பள்ளியில் டீச்சர் என்பதால் அங்கேயும் பக்கத்துப் பக்கத்து வகுப்பு. என் தலையெழுத்து அப்படி. வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்தால் பால் வைக்க இடமிருக்காது. கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீரும் ஐஸும்தான். "பாடத்துக்கு வேணும், தொட்டுடாதே!" என்பார் அண்ணி. அண்ணன் பாவம், பாலில்லாத காப்பிக்கே பழகிவிட்டான்.

இரண்டாம் வகுப்பு அவருடையது. திடம், திரவம், வாயு பாடத்தைப் புத்தகத்தில் இருப்பதுபோல நடத்தினால் அவருக்குத் தூக்கம் வராது. பிள்ளைகளையே பொருளாக்கிவிடுவார். "குளிருது" என்றால் எல்லாரும் நெருக்கி ஒட்டிக் கைகோத்து அசையாமல் இருக்க வேண்டும். அது திடம். "சூடாகுது" என்றால் கையை விட்டுவிட்டு உரசிக்கொண்டே வழிய வேண்டும். அது திரவம். "கொதிக்குது" என்றதும் வாயுவாகி ஆளுக்கொரு பக்கம் பறக்க வேண்டும். அப்போதெல்லாம் என் மூன்றாம் வகுப்புச் சுவர் அதிரும்.

"கொஞ்சம் மெதுவா கொதிக்கச் சொல்லுங்க அண்ணி!" என்று சண்டைக்குப் போவேன்.

"மெதுவா கொதிச்சா அது வெந்நீர்டி" என்பார்.

அண்ணிக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பள்ளி ஆய்வாளர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால் வேலை நிலைக்கும். இல்லையென்றால் அந்த வகுப்புக்கு வேறு யாராவது வந்துவிடுவார்கள். தலைமையாசிரியர் முன்கூட்டியே கறாராகச் சொல்லியிருந்தார். "அவர் இருக்கிற வரைக்கும் ஒரு பிள்ளைகூட அசையக் கூடாது. சொல்லிட்டேன்."

பிள்ளைகளை அசையாமல் வைக்க அண்ணிக்கு ஒரே வழிதான் தெரியும். ஆய்வாளரின் செருப்புச் சத்தம் கேட்டதும், "குளிருது, ரொம்பக் குளிருது" என்று கிசுகிசுத்தார். நான் என் வகுப்புக்குக் கணக்குக் கொடுத்துவிட்டு வந்து வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆய்வாளர் தலைமையாசிரியரோடு உள்ளே வந்து வணக்கம் சொன்னார். பதில் இல்லை. முன்வரிசையில் எறும்பு இருந்தாள். வகுப்பிலேயே பொடிசு என்பதால் அந்தப் பட்டப்பெயர். மற்ற நாளில் அவள் வாயை மூட ஆளில்லை. "தண்ணி எப்பம்மா ஐஸாகும்?" என்று ஆய்வாளர் அவளிடம் கேட்டார். அவள் கண்ணைக்கூட இமைக்கவில்லை. ஐஸாகி உட்கார்ந்திருப்பவள் எப்படிப் பதில் சொல்வாள்? அடுத்த பிள்ளையும் அப்படியே. ஆய்வாளர் உதட்டைப் பிதுக்கினார். தலைமையாசிரியருக்கு வேர்த்துக் கொட்டியது.

அண்ணி தலைமையாசிரியரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஆனது ஆகட்டும் என்று கத்தினார். "சூடாகுது!"

வகுப்பு அப்படியே வழிந்து வந்து ஆய்வாளரின் காலைச் சுற்றிக்கொண்டு ஓடியது. "உறைஞ்சிருந்தோம் சார், அதான் பேசல" என்றாள் எறும்பு. அண்ணிக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. "கொதிக்குது!"

கதவு திறந்திருந்ததை யாரும் யோசிக்கவில்லை. பாதி வகுப்பு வராந்தாவில் பறந்தது. "நில்லுங்க, நில்லுங்க!" என்று தலைமையாசிரியர் துரத்தினார்.

"கதவ மூடலேன்னா வாயு எப்படி சார் நிக்கும்?" என்று ஓடிக்கொண்டே கேட்டது ஒரு வாயு.

அண்ணி தொண்டை கிழியக் "குளிருது!" என்று கத்திய பிறகுதான் எல்லாம் திரும்பி வந்து சேர்ந்தன.

ஆய்வாளர் கீழே விழுந்திருந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டினார். சிரிக்கவில்லை. "டீச்சர், கொஞ்சம் ஆபீஸ் ரூமுக்கு வாங்க."

அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. "பையையும் எடுத்துக்கட்டுமா சார்?" என்று கேட்டார். அந்தக் குரலைக் கேட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"திடம்!" என்று அலறினாள் எறும்பு.

கண் மூடித் திறப்பதற்குள் மொத்த வகுப்பும் அண்ணியை நடுவில் வைத்து ஒட்டிக்கொண்டது. "டீச்சர் வர மாட்டாங்க சார். உள்ள மாட்டிக்கிட்டாங்க" என்றாள்.

ஆய்வாளர் ஒரு பிள்ளையின் கையைப் பிரித்துப் பார்த்தார். ம்ஹூம். தலைமையாசிரியர் "சூடாகுது, சூடாகுது" என்று கெஞ்சினார்.

"நீங்க சொன்னா சூடாகாது சார்" என்றது கும்பலிலிருந்து ஒரு பிள்ளை.

அப்போதுதான் ஆய்வாளர் சிரித்தார். "கையெழுத்துப் போட மேசை வேணுமேன்னு கூப்பிட்டேம்மா. வேலை உங்களுக்குத்தான்." தலைமையாசிரியரைக் குனியச் சொல்லி, அவர் முதுகிலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டு, பிள்ளைகளின் தலைக்கு மேலே நீட்டினார்.

அண்ணியால் வாங்க முடியவில்லை. இரண்டு கையையும் பிள்ளைகள் பிடித்திருந்தார்கள். சரி, நாமாவது வாங்குவோம் என்று நான் கையை நீட்டப் போனேன். முடியவில்லை. எப்போது உள்ளே போனேனோ தெரியாது, எறும்பின் கையைக் கோத்துக்கொண்டு நானும் அந்தக் கும்பலில்தான் நின்றிருந்தேன்.