சர்வர் அக்காவும் புது டேப் டிரைவும்

அந்தப் பல் மருத்துவமனையில் எல்லாருக்கும் அவள் 'சர்வர் அக்கா'. ஒருமுறை அவளைப் பார்க்க வந்த பெரியப்பா, வரவேற்பில் அந்தப் பெயரைக் கேட்டதும் நேரே கேன்டீனுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். "எங்க பொண்ணு இங்கதான் சர்வரா இருக்கா. வரட்டும், அவ கையாலயே காபி குடிக்கிறேன்" என்று அடம் பிடித்தார். அவள் மூன்றாம் மாடியிலிருந்து ஓடிவந்து, "பெரியப்பா, நான் பாக்குறது கம்ப்யூட்டர் சர்வர்!" என்று விளக்கிவிட்டு, காபியும் வாங்கிக் கொடுத்தாள். "அதத்தானே நானும் சொன்னேன்" என்றார் பெரியப்பா, காபியை உறிஞ்சிக்கொண்டே.

அதே மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கும் பெண்ணாகத்தான் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். பிரின்டரில் காகிதம் சிக்கினால் எடுத்துவிடுவாள், கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தால் சமாதானம் பண்ணுவாள். போகப் போக எல்லாரும் அவளையே தேட ஆரம்பித்தார்கள். மாலை வகுப்பில் சேர்ந்து முறையாகப் படித்தும் விட்டாள். இப்போது கம்ப்யூட்டர் பிரிவு என்றால் அவளும், எக்ஸ்ரே ஃபிலிம் அடுக்கி வைத்திருந்த பழைய அறையும், அந்த அறையின் குளிருக்காக அவள் போர்த்திக்கொள்ளும் பச்சைச் சால்வையும்தான்.

மருத்துவமனையின் எக்ஸ்ரே படங்கள், நோயாளிகளின் விவரங்கள் எல்லாம் சர்வரில் இருக்கின்றன. தினமும் வேலை முடிந்ததும் பேக்கப் மென்பொருள் அவற்றை டேப்பில், அதாவது கேசட் மாதிரியான காந்த நாடாவில், நகல் எடுக்கும். அந்த டேப்பைக் கழற்றிப் பக்கத்துக் கட்டடத்து இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுவாள். "இந்தக் காலத்துலயும் டேப்பா?" என்று கணக்குப் பிரிவுக்காரர் கேலி செய்வார். "வைரஸு ஒயர் வழியாத்தான் சார் வரும். படியேறி வந்து பெட்டியத் தொறக்காது" என்பாள் அவள்.

நகலை டேப்பில் எழுதும் கருவியான டேப் டிரைவ்தான் ஒருநாள் கரகரவென்று இழுத்து, உள்ளே இருந்த டேப்பையும் கடித்துத் துப்பிவிட்டு உயிரை விட்டது. உடனே புது டிரைவ் வந்தது. கறுப்பாக, வழவழவென்று, பார்க்கவே லட்சணமாக இருந்தது. சர்வரில் மாட்டினாள். சர்வர் அதைக் கண்டுகொண்டது. பேக்கப் மென்பொருளோ, 'இப்படி ஒரு டிரைவை நான் அறியேன்' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. மென்பொருளின் புதுப் பதிப்பை இறக்கிப் போட்டாள். இப்போது அறிமுகம் ஆயிற்று. நகல் ஓட ஆரம்பித்தது. அவளும் நிம்மதியாகக் கைகளைத் தேய்த்துக்கொண்டு டீ குடிக்கப் போனாள்.

திரும்பி வந்தால், பாதியில் நின்றிருந்தது. 'டிரைவைக் காணவில்லை' என்றது திரை. டிரைவோ அவள் கண்ணெதிரே பச்சை விளக்கோடு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

கேபிளை மாற்றினாள். புது டேப்பைப் போட்டாள். சுத்தம் செய்யும் டேப்பை ஓட்டினாள். சர்வரை அணைத்து எழுப்பினாள். ஒன்றுக்கும் அது மசியவில்லை. ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் சமர்த்தாக ஓடும், பிறகு அதே பல்லவி.

மென்பொருள் கம்பெனிக்கு போன் போட்டாள். "எங்க சைடுல எல்லாம் கரெக்டா இருக்கு மேடம். டிரைவ்தான் திடீர்னு பதில் சொல்ல மாட்டேங்குது. அவங்களக் கேளுங்க" என்றான் அங்கிருந்த இளைஞன். டிரைவ் கம்பெனியில் பேசிய பெண்மணி இன்னும் இனிமையானவர். "டிரைவ் தங்கமா இருக்கும்மா. அந்த சாஃப்ட்வேர்தான் பாதில கைய விட்டுடுது. அவங்களக் கேளுங்களேன்." அந்த வாரம் முழுக்க இரண்டு பேரும் அவளைப் பந்தாடினார்கள். அதுவரை நகல் எடுக்க இருந்த ஒரே வழி, மேஜைமேல் வைத்த சின்ன வெளி டிஸ்க். வீட்டு வாசல் மணி அடித்தால்கூட அந்த டிஸ்க்குக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதென்று அவளுக்குத் திக்கென்றது.

வீட்டில் சாப்பிடும்போது புலம்பித் தீர்த்தாள். அவள் கணவன் பஸ் ஓட்டுபவன். எதையும் பதற்றப்படாமல் கேட்பான்.

"உங்க சித்தப்பா வீட்டுச் சண்டைய எப்படித் தீர்த்த?" என்று கேட்டான்.

"ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல உக்கார வச்சேன்."

"இவங்க என்ன, வானத்துலேர்ந்து குதிச்சவங்களா?"

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "இத ஒரு வாரம் முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீ இன்னிக்குத்தானே என்னப் பேச விட்ட!"

மறுநாள் காலையில் இரண்டு கம்பெனிக்காரர்களையும் ஒரே போன் இணைப்பில் கொண்டுவந்தாள். "வணக்கம். நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் விசாரிக்கச் சொல்லிட்டே இருந்தீங்க. இதோ, நேர்லயே விசாரிச்சுக்கோங்க" என்றாள். முதலில் இளைஞன் சிரித்துவிட்டான், பெண்மணியும் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு யாருக்கும் சண்டை போட மனம் வரவில்லை.

மூவருமாகப் போனில் இருந்தபடியே நகலை மறுபடி ஓடவிட்டுக் கவனித்தார்கள். நின்றதும் இளைஞன் தன் இடத்திலிருந்தே சர்வரின் பதிவுகளைத் திறந்து பார்த்தான். "மேடம், நாங்க எழுதிட்டு இருக்கும்போதே வேற யாரோ டிரைவ் கிட்டப் பேசுறாங்க. அடிக்கடி வந்து 'நல்லா இருக்கியா'ன்னு கேக்குறாங்க. டிரைவ் அந்தப் பக்கம் திரும்புற நேரத்துல எங்களுக்கு லைன் அறுந்த மாதிரி ஆகிடுது."

"யாரு அது?" என்றாள் அவள்.

பெண்மணி தொண்டையைச் செருமிக்கொண்டார். "டிரைவோட ஒரு சின்ன புரோகிராம் வந்திருக்குமே, டிரைவோட ஆரோக்கியத்தப் பாத்துக்கறது... அதப் போட்டீங்களாம்மா?"

போட்டிருந்தாள். ஆசை ஆசையாக, முதல் வேலையாக அதைத்தான் போட்டிருந்தாள். புது டிரைவ் ஆயிற்றே, கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ள வேண்டாமா? அவள் தலையில் அடித்துக்கொண்டு அதை நிறுத்தினாள். நகலைத் தொடங்கினாள். முன்பு நின்ற இடத்தைத் தாண்டியது. பாதியைத் தாண்டியது. போனில் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 'முடிந்தது' என்று திரையில் வந்ததும் இளைஞன் விசிலடித்தான். "எங்க கையேட்டுல இத எழுதச் சொல்றேன்மா" என்று பெண்மணி மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார்.

நகல் எடுத்தால் மட்டும் போதாது, திரும்பி வருகிறதா என்று பார்த்தாக வேண்டும். பெரிய டாக்டரம்மாவையும் கூப்பிட்டாள், அவர் கண்ணால் பார்க்கட்டும் என்று. டேப்பிலிருந்து கைக்கு வந்த ஓர் எக்ஸ்ரே படத்தை எடுத்துத் திரையில் விரித்தாள். பற்கள் வரிசையாக, தெளிவாக வந்து நின்றன.

"அருமை!" என்றார் டாக்டரம்மா. பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே குனிந்தார். "அய்யய்யோ, இந்தக் கடைவாய்ப் பல்லப் பாரு. சொத்தை வேர் வரைக்கும் போயிருக்கே. யாரும்மா இது? உடனே வரச் சொல்லு."

அவள் படத்தின் மூலையில் இருந்த பெயரைப் படித்தாள். முகம் வெளிறியது. ஊழியர்கள் எல்லாருக்கும் இலவசமாக எடுத்தபோது எடுத்த படம் அது. அவளுடையதுதான். பல் மருத்துவமனையிலேயே காலத்தை ஓட்டியவள், அந்த நாற்காலியில் மட்டும் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. ஊசி என்றாலே உயிர் போய்விடும் அவளுக்கு.

"அவங்க... வெளியூர் போயிருக்காங்கன்னு நினைக்கிறேன்" என்றாள்.

டாக்டரம்மாவும் பெயரைப் படித்துவிட்டார். "அப்படியா? எந்த ஊரு?"

தப்ப வழியில்லை. டாக்டரம்மா அவள் தோளில் கைபோட்டு, பேசிக்கொண்டே லிஃப்டுக்கு நடத்திப்போனார். போனில் இன்னும் இணைப்பில் இருந்த இருவரும், "மேடம், ஆல் தி பெஸ்ட்!" என்று கத்தியது லிஃப்டுவரை கேட்டது.

ஊசி எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. இதற்காகவா இத்தனை நாள் ஓடி ஒளிந்தோம் என்று அவளுக்கே வெட்கமாகிவிட்டது. பல்லின் வேர்வரை சுத்தம் செய்து அடைத்து எழுப்பிவிட்டபோது பாதி வாய் மரத்துப்போய், உதடு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துக் கணவன் போன் செய்தான்.

"என்ன, சமாதானம் ஆச்சா?"

"ஆத்து. தேப் ஓதுது."

"என்னது?"

"தேப்பு! ஓதுது!"

அவன் பஸ்ஸை டிப்போவில் நிறுத்திவிட்டுத்தான் பேசினான் போலிருக்கிறது. சுற்றியிருந்த ஓட்டுநர்களின் சிரிப்பும் சேர்ந்து கேட்டது. அவளுக்குக் கோபம் வரவேண்டிய இடம்தான். ஆனால் மரத்த வாயோடு சிரிக்க முயன்றதில் எச்சில் வழிந்துவிட, நர்ஸ் ஒருத்தி ஓடிவந்து துடைத்துவிட்டாள்.