டெல்லிக்குப் போகவிருந்த வண்டிப்பாதை

1. மங்கல் நகல்

டெல்லிக்கு அனுப்பிய கேஸ் கட்டு இருபது நாளில் திரும்பி வந்துவிட்டது. நகலை நகல் எடுத்து, அதையும் நகல் எடுத்த காகிதங்கள் அவை. எழுத்தெல்லாம் மழையில் நனைந்த கோலம் போல இருந்தன. டெல்லி சுப்ரீம் கோர்ட்டில் தமிழ்க் காகிதம் செல்லாது, எல்லாவற்றையும் இங்கிலீஷில் கொடுக்க வேண்டும். மொழிபெயர்ப்பவரோ, படிக்கவே முடியவில்லை, புதிதாக அடித்து அனுப்புங்கள் என்று குறிப்பு வைத்திருந்தார்.

அடிக்க வேண்டியது நான். புதுக்கோட்டையில் கோர்ட்டுக்கு எதிரே டைப் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். படித்தது பன்னிரண்டாம் வகுப்பு. தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் டைப்பிங் ஹையர் பாஸ். ஆட்களோடு பேச எனக்கு வராது. கட்சிக்காரர் யாராவது எதிரே உட்கார்ந்தால் கீபோர்டைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வேன். அதனாலேயே எனக்கு இந்தத் தொழில் பிடித்துப்போனது.

கட்டைக் கொண்டுவந்தவர் இளங்கோ வக்கீல். அவரோடு சவரியம்மாளும் வந்திருந்தார். ஆவூர்ப் பக்கத்துக்காரர், அறுபதை நெருங்கும் வயது. தார் ரோட்டிலிருந்து தன் வயலுக்குப் போகிற வண்டிப்பாதையைப் பக்கத்து வயல்காரர் வேலி போட்டு அடைத்துவிட்டார் என்று பதினோரு வருடங்களுக்கு முன் கீரனூர் கோர்ட்டில் கேஸ் போட்டவர். அங்கே ஜெயித்தார். அப்பீலிலும் ஜெயித்தார்; இரண்டு இடத்திலும் சாட்சிகள் சொன்னதை நம்பினார்கள். மதுரையில் ஹைகோர்ட்டில் தோற்றுவிட்டார். மனுவில் சொன்ன பாதை, கோர்ட் அனுப்பிய கமிஷனர் அளந்து போட்ட வரைபடத்தில் இல்லை என்று தீர்ப்பு. பத்திரத்தில் அந்தப் பாதை கிடையாது. நடந்து நடந்தே வந்த உரிமை அது.

2. இரண்டு நிமிடம்

வக்கீல் செலவைச் சொல்லிக்கொண்டிருந்தார். "கோர்ட் பீஸ் பெருசில்லக்கா. அங்க கேஸ் போடுறதுக்குன்னே பதிவு பண்ணின வக்கீல் தனி. எந்திரிச்சுப் பேசுற சீனியர் தனி. மொழிபெயர்ப்பு பக்கக் கணக்கு. எல்லாம் சேந்தா மூணு லட்சத்தத் தாண்டும். அதுவும் மொத நாளே ரெண்டு நிமிசத்துல டிஸ்மிஸ்னு சொல்லிட்டா முடிஞ்சுது."

"ரெண்டு நிமிசத்துக்கா? எங்க பங்குச்சாமி காசே வாங்காம முக்கா மணி நேரம் பிரசங்கம் வைக்கிறாரே" என்றார் சவரியம்மாள்.

வக்கீல் சிரித்துவிட்டார். நான் குனிந்துகொண்டேன்.

"சிரிங்க சார். பாதி வயல வித்து மிச்சப் பாதிக்குப் பாத வாங்கப் போறேன். வயல வாங்குறவரு திங்கக்கெழம அட்வான்ஸ் தாரேன்னுருக்காரு. பாதையில்லாத வயலுன்னு அவரும் பாதி வெலைக்குத்தான் கேக்குறாரு."

"யோசிச்சுக்கங்கக்கா."

"என்னத்த யோசிக்கிறது? அறுப்பு மிஷினு உள்ள வர முடியல. வெளஞ்சதத் தலச்சொமையா வரப்புச் சுத்திக் கொண்டாறேன். எல்லாம் என்னாலதான் சார். மொத மனு எழுதுனாரே, செத்துப்போன ஒங்க பெரிய வக்கீலு, அவரு தெச கேட்டப்ப நான்தான் கோளாறாச் சொல்லிருப்பேன். படிக்காதவ. மக்களும் அதத்தான் சொல்லுதுங்க. ஒன் வாயாலதான் போச்சுன்னு."

அன்றைக்கு வியாழக்கிழமை. சனிக்கிழமைக்குள் முடித்துத் தருகிறேன் என்று கீபோர்டிடம் சொன்னேன்.

3. இடது கன்னம்

சாட்சியங்களை அடிக்கும்போது எனக்கு ஒரு பழக்கம் உண்டு. வெளியே யாரிடமும் சொன்னதில்லை. விரல் அடித்துக்கொண்டிருக்கும், நான் அந்த இடத்துக்குப் போய்விடுவேன். கண் திறந்துதான் இருக்கும். பெயர் மட்டும் தெரிந்த ஊர்களில் இப்படி எத்தனையோ கிணற்றடிகளில் நின்றிருக்கிறேன். சுவர்ச் சண்டை நடந்த சந்துகளில் ஒதுங்கியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை சவரியம்மாளின் சாட்சியத்தை எடுத்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் பாதை எந்தத் திசை என்று கேட்டிருக்கிறார். சவரியம்மாள் சொன்ன பதிலை அப்படியே பதிந்திருந்தார்கள். திசையெல்லாம் தெரியாது. காலையில் ரோட்டிலிருந்து வயலுக்குப் போனால் வெயில் இடது கன்னத்தில் அடிக்கும். சாயங்காலம் திரும்பி வந்தால் அப்போதும் இடது கன்னத்தில்தான் அடிக்கும்.

நான் அந்தப் பாதையில் இறங்கி நடந்தேன். வண்டித்தடம் இரண்டு, நடுவில் புல். வேலிக்காத்தான் வாசம். ஈர மண்ணில் மாட்டுக் குளம்பு பதிந்த குழிகளில் தண்ணீர் மின்னியது. எங்கேயோ பம்புசெட் ஓடுகிற சத்தம் கனவில் கேட்பது போலக் கேட்டது. வெயில் இளஞ்சூடாக இடது கன்னத்தில் விழுந்தது. எவ்வளவு தூரம் நடந்தேன் என்று தெரியாது. சாட்சியம் முடிந்து, அடுத்து மனுவின் சொத்து விவரத்தை அடிக்கத் தொடங்கினேன். அப்போதும் நடந்துகொண்டுதான் இருந்தேன்.

"கிழமேலாகச் செல்லும் பத்தடி அகல வண்டிப்பாதை" என்று அடித்தேன்.

வெயில் சட்டென்று முகத்துக்கு நேரே வந்து கண் கூசியது. நின்றுவிட்டேன்.

கிழக்கும் மேற்குமாகப் போகிற பாதையில் வெயில் கன்னத்தில் அடிக்காது. இடது பக்கமே விழ வேண்டுமென்றால் பாதை வடக்கிலிருந்து தெற்கே போக வேண்டும். கமிஷனர் வரைபடத்தைப் பார்த்தேன். தென்வடல். கட்டின் அடியில் பெரிய வக்கீல் கையால் எழுதிய டிராப்ட் பழைய குண்டூசியோடு கிடந்தது. அதிலும் தென்வடல் என்றுதான் இருந்தது. டைப் அடித்த மனுவில் மட்டும்தான் கிழமேல்.

மனுவின் அந்தப் பக்கத்தின் கீழே மூன்று நட்சத்திரக் குறி இருந்தது. சொத்து விவரம் முடிந்ததும் மூன்று நட்சத்திரம் வைப்பது இந்தக் கோர்ட் வாசலில் நான் ஒருத்திதான்.

எப்படி நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் தொழிலில் புதுப் பைல் யாரும் திறப்பதில்லை. முன்னால் அடித்த அதே மாதிரி மனுவைத் திறந்து, பெயர், ஊர், சர்வே நம்பரை மாற்றி, மேலேயே அடிப்போம். வேறு யாருடைய பாதையோ சவரியம்மாளின் மனுவில் தங்கிவிட்டது. பெரிய வக்கீல் என் டைப்பை நம்பிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

4. சொன்னது

மத்தியானம் வரை டிராப்டையும் மனுவையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். யாருக்கும் தெரியாது. நகலை அடித்துக் கொடுத்துவிட்டால் கட்டு டெல்லிக்குப் போய்விடும். ஆனால் திங்கட்கிழமை அட்வான்ஸ் கைமாறிவிடும்.

சனிக்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். நான் எழுந்து நின்றேன். கடையில் நான் எழுந்து நின்று அவர்கள் பார்த்ததில்லை.

"அக்கா, தெசைய நீங்க சரியாத்தான் சொல்லிருக்கீங்க. அடிச்சது தப்பு. நான் அடிச்சது."

டிராப்டையும் மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வக்கீல் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். சவரியம்மாள் காகிதத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"அப்ப நான் கோளாறாச் சொல்லலையா?"

"இல்லக்கா."

"சரியாத்தான் சொன்னேனா?"

"சரியாத்தான் சொல்லிருக்கீங்க."

"சார், நீங்க சொல்லுங்க. நான் சரியாத்தான் சொன்னேனா?"

"சரிதான்க்கா" என்றார் வக்கீல்.

சவரியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகுதான் கோபம் வந்தது. "அடிப்பாவி! பதினோரு வருசம்! எம் மக்க கிட்டப் பேச்சு வாங்கிருக்கேன்டி!" என்றார். நான் நின்றுகொண்டே இருந்தேன். திட்டி ஓய்ந்து, "உக்காரு தங்கச்சி, மொகமெல்லாம் வெளிறிப்போச்சு" என்று அவரே சொன்னார்.

"டெல்லிக்கு இன்னும் நாள் இருக்கு" என்றார் வக்கீல். "மொதல்ல மதுரையிலேயே, தீர்ப்ப மறுபடி பாருங்கன்னு ரிவியூ போட்டுப் பாப்போம். செலவு கம்மி. ஆனா டைப்பிஸ்ட் தப்புன்னு நீங்க அபிடவிட் தரணும். வெளிய தெரியும். பரவால்லையா?"

தலையை ஆட்டினேன்.

இருபத்து நான்கு வருடமாக யார் யாருக்கோ சத்தியப் பிரமாண வாக்குமூலம் அடித்திருக்கிறேன். அன்றுதான் முதல் தடவையாக அந்த இடத்தில் என் பெயரை அடித்தேன். வேறு யாரோ போலத் தெரிந்தது. விஷயம் பரவி இரண்டு வக்கீல் ஆபீஸ் வேலை நின்றுபோனது. பக்கத்துக் கடைக்காரர், "ஒங்ககிட்ட வந்தா கெழக்கால சூரியன் மேக்கால வரும்" என்று சிரித்தார்.

சவரியம்மாள் அட்வான்ஸ் வாங்கவில்லை. மதுரையில் தாமதத்தை மன்னித்து ரிவியூவை எடுத்துக்கொண்டார்கள். கேஸ் மறுபடி விசாரணைக்கு வந்திருக்கிறது. ஜெயிக்குமா, தெரியாது. தோற்றால் டெல்லிதான். ஆனால் வயல் இன்றைக்கு முழுசாக இருக்கிறது.

5. புதிதாக வருகிறவர்களுக்கு

மேல் கோர்ட்டுக்குப் போக ஆகும் செலவு டெல்லியில் தொடங்குவதில்லை. முதல் மனு அடிக்கிற இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. பழைய பைல் மேல் அடிக்காதீர்கள். வெற்றுப் பக்கத்தைத் திறங்கள். அடித்து முடித்ததும் சொத்து விவரத்தைக் கட்சிக்காரருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். எனக்கு இன்னும் குரல் நடுங்குகிறது.

படிக்கும்போது பெரும்பாலானவர்கள் தாங்களாகவே கண்ணை மூடிக்கொள்கிறார்கள். போன வாரம் பொன்னமராவதியிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், நான் பாதி படித்தபோது கையை உயர்த்தி நிறுத்தினார். கண்ணைத் திறக்கவில்லை.

"இங்கிட்டு ஒரு வேம்பு நிக்கணுமே" என்றார்.

வேம்பை அடித்துச் சேர்த்தேன். அவர் கையை இறக்கிக்கொண்டு, மூடிய கண்ணோடு தன் பாதையில் மேலே நடக்கத் தொடங்கினார்.