தாணுமாலயன் பிள்ளையின் எனாமல்

“எமனே எதிர்ல வந்து இருந்து, ‘மெள்ள குடியும் வே’ன்னு கையப் பிடிச்சாலும், ஒரு காப்பிக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல இந்தத் தாணுமாலயன் இரிக்க மாட்டான். ஆக்கும்!”

அமரவிளையில் ஒரு நிச்சயதார்த்த வீட்டில், சம்பந்தக்காரர்கள் நடுவே, செங்கல் ஊர்க்காரரான தாணுமாலயன் பிள்ளை இப்படி முழங்கியபோது அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. வாயில் அத்தனையும் சொந்தப் பல். தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவருக்கு அரசாங்கம் பென்ஷன் கொடுத்தது. மரியாதையைப் பல்தான் கொடுத்தது.

அவருடைய சாஸ்திரம் சிக்கலில்லாதது. சர்க்கரை போட்ட காப்பியோ சாயாவோ வாயில் நிற்கிற நேரமெல்லாம் பல்லின் எனாமல் இளகும். ஊர்க்கதை பேசிக்கொண்டு மடக்கு மடக்காகக் குடிக்கிறவன் அதைத் தவணை முறையில் கரைக்கிறான். ஆகவே சூடு தணிய ஆற்றி, ஒரே மூச்சில் இறக்கி, உடனே எழுந்துபோய்ப் பச்சைத் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டும். குடித்த கையோடு பிரஷை எடுக்கிறவன் கொலைகாரன். இளகிய எனாமலைத் தேய்த்தே எடுத்துவிடுவான். அரை மணிக்கூர் பொறுக்க வேண்டும்.

“பிள்ளைவாளுக்குக் காப்பிய டம்ளர்ல குடுக்கப்பிடாது, ஊசியில ஏத்தணும்” என்பான் சாயாக்கடை அனில்குமார்.

“எலே, உன் பல்லக் காட்டு பாப்போம்.”

அனில்குமார் வாயை மூடிக்கொள்வான். வெற்றி எப்போதும் சாஸ்திரத்துக்கே.

அந்த வெற்றியில் பங்கு கிடைக்காத ஜீவன் ஒன்று உண்டு: அவர் மனைவி மரகதவல்லி. அவளுக்குக் காப்பி என்பது, சாயங்காலம் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, டம்ளர் ஆறிப்போகும்வரை பேசுவதற்கான ஏற்பாடு. கல்யாணமான நாள்முதல் இரண்டு டம்ளரோடு வருவாள். அவள் வாய் திறக்கும்போது அவர் புறக்கடையில் கொப்பளித்துக்கொண்டிருப்பார்.

“இஞ்ச பாருங்க, ஒரு காரியம் சொல்லணும்.”

“எனாமல் காத்திருக்காதுட்டீ.”

காரியங்கள் காத்திருந்தன.

போன வருஷம் மரகதவல்லிக்கு மறதி வந்தது. முதலில் குழம்புக்கு உப்பு, பிறகு கோயிலுக்குப் போகும் வழி, பிறகு மகள் சுஜா, கடைசியில் புருஷன். இந்த ஓணம் கழிந்தபின் குடிப்பதையும் விட்டாள். தண்ணீர் கொடுத்தால் துப்பினாள். இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போடத்தான் வேண்டும் என்று நெய்யாற்றின்கரை டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் பிள்ளையே காப்பி போட்டு அவள் முன்னால் வைத்தார். பழக்கதோஷத்தில் தன்னுடையதை ஒரே மூச்சில் இறக்கிவிட்டு எழுந்தார். அவள் டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

“குடி மரகதம்.”

“நீங்க இரிங்க அண்ணாச்சி” என்றாள், விருந்தாளியிடம் பேசும் மரியாதையோடு. “ஒத்தைக்கு இருந்து குடிச்சா தொண்டையில இறங்க மாட்டேங்கு. எங்க வீட்டுக்காரரு ஒருத்தரு உண்டு. நல்ல மனுஷன்தான். காப்பிய விழுங்குவாரு, எழும்பி ஓடுவாரு. என்கூட இரிக்க அவருக்கு இஷ்டமில்ல.”

“அப்பிடியில்ல... பல்லுக்கு ஆகாதுன்னாக்கும்.”

“ஓ, உங்ககிட்டயும் அதத்தான் சொன்னாரா?” என்று சிரித்தாள்.

பிள்ளை உட்கார்ந்தார். பாத்திரத்தில் மிச்சமிருந்ததைத் தன் டம்ளரில் ஊற்றிக்கொண்டார். நாக்கு நனைய ஒரு மடக்கு. அவள் அவரையே பார்த்தாள். பிறகு தானும் ஒரு மடக்கு. அது இறங்கியது. அவர் இன்னொன்று; அவள் இன்னொன்று. ஆறிய காப்பி சர்க்கரையோடு பல்லிடுக்கில் நின்றது. கொப்பளிக்க எழுந்தால் அவள் டம்ளரை வைத்துவிடுவாள். அவர் எழவில்லை.

“நாம என்ன பேசிட்டு இருந்தோம் அண்ணாச்சி?”

“உங்க வீட்டுக்காரரப் பத்தி.”

அவள் தொடங்கினாள். பக்கத்து வீடுகளில் விளக்கு போட்டுவிட்டார்கள். பிள்ளை ஒரு மடக்கை விழுங்காமல் வாயிலேயே வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.