புத்தகத்தில் வந்த பாலம்

எனக்குக் கோவையாக எழுத வராது. அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்குப் பிறகு ரேஷன் கடையில் கையெழுத்துப் போட்டதுதான் நான் எழுதிய எழுத்து. ஞாபகமும் முன்போல இல்லை. முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லிவிடுவேன், படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் என் தம்பியின் கறுப்புப் பூட்ஸ் மட்டும் எனக்கு மறக்கவில்லை. அதை அவர் காலில் பார்த்ததைவிடக் கையில் பார்த்ததுதான் அதிகம். இரண்டையும் கயிற்றால் முடிந்து இடது கையில் தொங்கவிட்டு, பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, நொய்யல் ஆற்றுத் தரைப்பாலத்தில் தண்ணீருக்குள் நடந்து வருவார். நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளைதான். இருந்தாலும் எழுத்தில் அவன் இவன் என்று போட எனக்குக் கை வரவில்லை.

சென்னையில் தலைமைச் செயலகத்தில் வேலை கிடைத்து முதல் முறை ஊருக்கு வந்தபோது அந்தப் பூட்ஸ் புதுசு. அக்கரையில் பஸ்ஸை விட்டு இறங்கி, கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஆற்றில் இறங்கினார். இக்கரையில் எருமையைக் கழுவிக்கொண்டிருந்த எங்கள் அப்பா, "ஏஞ்சாமி, கையில தூக்கீட்டு நடக்கறதுக்கா அதைய வாங்குனே? தலையில வெச்சுக்க, இன்னும் நல்லா இருக்கும்" என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்த கொஞ்ச நாட்களில் அது ஒன்று.

தரைப்பாலம் என்றால் ஆற்று மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே போட்ட சிமெண்ட் பாதை, அவ்வளவுதான். ஒரு மழை பெய்தால் தண்ணீர் மேலேறி ஓடும். இரண்டு ஓரத்திலும் முழங்கால் உயரத்துக்கு ஓரக்கல் நட்டு வெள்ளை அடித்திருப்பார்கள். தண்ணீர் ஏறினாலும் கல்லின் தலை தெரியும். அந்தத் தலைகளைப் பார்த்துக்கொண்டே நடுவில் போனால் கரை சேர்ந்துவிடலாம். வண்டி மாடுகூட அப்படித்தான் போகும். பனியன் கம்பெனி வேன்கள் வர ஆரம்பித்த பிறகு டிரைவர்களும் அப்படியே பழகிக்கொண்டார்கள்.

தம்பி படிப்படியாக மேலே போனார். செக்ஷன் ஆபீசர், அண்டர் செகரெட்டரி, டெபுடி, ஜாயிண்ட், அடிஷனல் என்று என்னென்னவோ சொல்வார். எது பெரியது எது சின்னது என்று எனக்குக் கடைசி வரைக்கும் பிடிபடவில்லை. எல்லாமே நிதித்துறையில், பட்ஜெட் பிரிவில். ஊரில் அவருக்குப் பட்ஜெட்காரர் என்றே பேர் ஆகிவிட்டது. பிறகு கார் கொடுத்தார்கள். காரின் டிரைவர் தண்ணீரைப் பார்த்ததும் அக்கரையிலேயே நிறுத்திவிடுவார். தம்பி பழையபடி பூட்ஸைக் கையில் எடுத்துக்கொள்வார். அதற்குள் ஆற்றில் சாயத்தண்ணீர் வர ஆரம்பித்திருந்தது. திருப்பூரில் அன்றைக்கு என்ன நிறம் ஓட்டுகிறார்களோ அந்த நிறத்தில் ஆறு வரும். வாசலில் நான் தண்ணீர் மொண்டு ஊற்றுவேன். ஊதாவோ பச்சையோ கால் நகத்தில் தங்கிவிடும். தேய்க்கத் தேய்க்கப் போகாது. "இருக்கட்டுங்க்கா, நம்மூர்ல இருந்து கொண்டுபோக வேற என்ன இருக்குது" என்பார்.

தை மாசி என்றால் அவர் எங்களுக்கு இல்லை. பொங்கலுக்கு வந்ததே கிடையாது. அந்த நேரத்தில் பட்ஜெட் வேலை. வீட்டுக்குப் போனால் பெண்டாட்டியிடம்கூட எதையும் பேசக் கூடாதாம். என் ஒரே மகளுக்குத் தையில்தான் கல்யாணம் கூடிவந்தது. தாய்மாமன் செய்ய வேண்டிய சீரையெல்லாம் ஒன்றுவிட்ட தம்பி ஒருத்தர் நின்று செய்தார். மகள் மணவறையில் உட்கார்ந்துகொண்டு, "மாமன் வராம எங்கண்ணாலத்தையும் பட்ஜெட்டுல வெட்டிப்போட்டாரும்மா" என்று என் காதில் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. அவள் எதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

வெட்டுவதுதான் அவர் வேலை என்று எங்களுக்கு ஓரளவு தெரியும். ஒவ்வொரு துறையும் ரோடு வேண்டும், ஆஸ்பத்திரி வேண்டும் என்று எழுதி அனுப்புவார்களாம். இவர் உட்கார்ந்து இது முடியாது, இது பிறகு பார்க்கலாம் என்று அடித்துக்கொண்டே வரவேண்டுமாம். ஒருமுறை சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னார். "கேக்கறவிய எல்லாரும் நாயமாத்தான் கேக்கறாங்கக்கா. ஆருமே பொய் சொல்றதில்லை. இல்லைங்கறத மரியாதையா எழுதறதுதான் எங்க வேலை." அவர் முகத்தைப் பார்த்தேன். பசியாறிய முகமாக இல்லை.

எங்கள் ஊருக்கு ஒரு மேல்மட்டப் பாலம் வேண்டும் என்று மனு கொடுத்துக் கொடுத்து ஊருக்கே கை சலித்துப்போனது. வேன் பிடித்து வேலைக்குப் போகிற பெண்கள் ஊருக்குள் அதிகமாகிவிட்டார்கள். உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்த என் மகளும் ஒரு பனியன் கம்பெனியில், துணியில் பிழை பார்க்கிற செக்கிங்கில் இருந்தாள். மழைக்காலத்தில் அவள் வேன் ஏறிப் போனால் அக்கரை சேருகிற வரைக்கும் நான் வாசலில் நின்று பார்ப்பேன். ஊர்க்காரர்கள் என் வீட்டுக்கு வந்து, "பட்ஜெட்டே உங்கூட்டுக்குள்ள இருக்குது, நீங்க வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னுங்க?" என்று கேட்டார்கள். நான் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவள். கடைசியில் ஒருநாள் போனில் கேட்டேன். "தம்பி, அந்தப் பாலம்..." என்று இழுத்தேன்.  "பாக்கறனுங்க்கா" என்றார் அவர்.

அடுத்த பட்ஜெட்டில் எங்கள் பாலம் வந்துவிட்டது. புத்தகத்தில் ஊர்ப்பேரே அச்சாகியிருக்கிறது என்று யாரோ போனில் படம் எடுத்து அனுப்ப, ஊரே கூடிவிட்டது. பறை அடித்தார்கள், வெடி வெடித்தார்கள். தம்பி படத்தைப் பெரிதாகப் போட்டு பேனர் கட்டினார்கள். நான் அவருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "வெடியெல்லாம் வேண்டாம்னு சொல்லுங்க்கா. பேனரையும் அவுக்கச் சொல்லுங்க" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. பெரிய உத்தியோகத்தில் இருப்பவர், தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு அவர் இன்னும் ஒரே ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

அதற்குப் பிறகு ஒரு பாய்லர் ஏற்றின லாரி தரைப்பாலத்தில் திரும்பும்போது, தண்ணீர் இறங்குகிற கீழ்ப்பக்கத்து ஓரக்கல் மூன்றை இடித்துத் தள்ளிவிட்டுப் போனது. முன்பெல்லாம் கல் விழுந்தால் அந்த மாசமே நட்டுவிடுவார்கள். இந்த முறை வார்டு மெம்பரிடம் போய்ச் சொன்னபோது, "ஏனுங்க்கா, பாலமே வரப்போகுது. இடிக்கப்போற பாலத்துக்கு எதுக்குங்க கல்லு? அதும் உங்க தம்பி குடுத்த பாலம், நீங்களே இப்படிக் கேக்கலாமுங்களா?" என்றார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. எல்லாருக்கும் பட்டது. அடுத்த வருசப் புத்தகத்திலும் பாலம் இருந்தது. அந்த இடம் மட்டும் பல் விழுந்த வாய்போல அப்படியே கிடந்தது.

ஐப்பசி மழை. மேலே எங்கேயோ பெய்த மழைக்குச் சாயப்பட்டறைக்காரர்கள் தேக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துத் திறந்துவிட்டார்கள்போல. காலையில் பார்த்தால் ஆறு தெரியவில்லை, நுரைதான் தெரிந்தது. சோப்புப் போட்டுக் கலக்கிய மாதிரி ஆளுயரத்துக்கு நுரை. வேன் எப்போதும்போல இறங்கியது. தண்ணீர் அப்படியொன்றும் அதிகமில்லை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி தூரம் போன வேன் நுரைக்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிறகு காணவில்லை. முக்கால்வாசிப் பேர் மேல்பக்கத்து ஜன்னல் வழியாக ஏறித் தப்பித்தார்கள். கீழ்ப்பக்கம் உட்கார்ந்திருந்த மூன்று பெண்கள் வரவில்லை. அதில் ஒருத்தி என் மகள்.

வேன் ஓட்டியவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மறுநாள் தலையில் கட்டோடு வந்து என் காலடியில் உட்கார்ந்துவிட்டார். "கல்லத் தேடிட்டேதாம்மா போனேன். நுரைக்குள்ள கரை எங்கன இருக்குன்னு தெரியல. கல்லு மட்டும் இருந்துருந்தா டயரு முட்டிருக்கும்லா, நின்னிருப்பேன்லா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

தம்பி வந்தார். தண்ணீர் வடிந்திருந்தாலும் பாதையில் நுரை மிச்சம் இருந்தது. ஒரு கையில் பூட்ஸ். இன்னொரு கையில், செத்தவளுக்குத் தாய்மாமன் போட வேண்டிய கோடிச் சேலை. கல்யாணத்துக்குக் கொண்டுவராத சேலை அது என்று எனக்குத் தோன்றியது. வாசலில் எங்களோடு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த, செத்த இன்னொரு பெண்ணின் தாய் அவரைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். "வாங்க சாமி, பாலங்குடுத்த சாமி! உங்க பாலத்து மேல ஏத்தி எம்புள்ளைய அனுப்பீருக்கலாமுங்களே! பேனருல சிரிச்சீங்களே, இப்பச் சிரிங்க சாமி!" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. தம்பி பூட்ஸைக் கீழேகூட வைக்காமல் தலையைக் குனிந்து நின்றார்.

மூன்றாம் நாள் பாலூற்றிவிட்டு வந்த பிறகு, பின்வாசலில் தண்ணீர்த் தொட்டியடியில் என்னிடம் சொன்னார்.

"அக்கா, புக்குல அந்தப் பாலத்துக்கு ஆயிரம் ரூபாதானுங்க போட்டிருந்தேன்."

எனக்குப் புரியவில்லை. "ஆயிரம்னா, ஆயிரம் லட்சமா தம்பி?"

"இல்லீங்க. வெறும் ஆயிரம். அது பாலம் கட்டறதுக்கில்லீங்க. ஒரு திட்டத்துக்குப் புக்குல எடம் புடிச்சு வெக்கறதுக்கு அப்படிப் போடறது வழக்கம். எடம் இருந்தாத்தான் பின்னால பணம் போட முடியும்."

"அடுத்த வருசம் போட்டது?"

"அதும் ஆயிரந்தானுங்க. மத்த ஊருப் பாலத்தையெல்லாம் அடிச்சுப்போட்டு எஞ்சொந்த ஊருக்கு மட்டும் எப்படிங்க்கா போடறது?"

"ஆயிரத்துல ஒரு கல்லுகூட நட முடியாதே கண்ணு" என்றேன். என் வாயில் வந்தது அதுதான். என்ன கல் என்று கேட்டார், நடந்ததைச் சொன்னேன். அவர் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கல் விழுந்ததும், பாலம் வருகிறதென்று நடாமல் விட்டதும் அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. தெரியாது என்று அவர் சொன்னார். நான் நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன்.

அடுத்த பட்ஜெட்டில் முழுப் பணமும் வந்தது. அதைச் சொல்ல அவரே போன் செய்தார். "இப்பக் காரணம் எழுத முடிஞ்சுதுங்க்கா" என்றார். என் மகள்தான் அந்தக் காரணம் என்று புரிந்துகொள்ள எனக்கு அஞ்சாம் வகுப்பே போதும். நான் போனை வைத்துவிட்டேன். அந்த வருசத்தோடு அவருக்கு ஓய்வு. பெரிய விருந்து வைத்து மாலை போட்டு அனுப்பினார்களாம். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

இப்போது அவர் என்னோடுதான் இருக்கிறார். பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை வெளிநாட்டில். வேளைக்குச் சோறு போடுகிறேன், சாப்பிடுகிறார். ராகிக்களி போட்டாலும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. மன்னிப்பு என்று அவர் கேட்டதில்லை, நானும் கொடுத்ததில்லை. அந்தப் பேச்சை எடுத்தால் அதற்கப்புறம் ஒரே வீட்டில் இருக்க முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பாலம் உயரமாக, விளக்கெல்லாம் போட்டு நன்றாகத்தான் இருக்கிறது. எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் ஏறாது. வேன்கள் வேகமாகப் போகின்றன. வடக்கத்திப் பையன்கள் சாயங்காலம் வந்து நின்று போனில் படம் எடுக்கிறார்கள். தம்பி தினமும் பொழுது சாய அந்தப் பாலத்துக்குப் போகிறார். ஏறுகிற இடத்தில் நின்று பூட்ஸைக் கழற்றுகிறார். கயிற்றை முடிந்து இடது கையில் தொங்கவிட்டுக்கொண்டு, வெறுங்காலோடு அக்கரை வரைக்கும் போய்த் திரும்புகிறார். காய்ந்த தார் ரோட்டில் எதற்கு இப்படி என்று வேனில் போகிற பெண்கள் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் வாசலில் நின்று, அவர் திரும்பி வருகிற வரைக்கும் பார்க்கிறேன். தண்ணீர் மொண்டு ஊற்றுகிறேன். நகத்தில் சாயம் ஏதும் இல்லை.

இதில் எங்காவது தப்பு இருந்தால் தெரிந்தவர்கள் சரிபார்க்க வேண்டும். விழுந்த கல் மூன்று என்று எழுதியிருக்கிறேன்; நான்கு என்று வேன்காரர் சொல்கிறார். பழைய தரைப்பாலம் இன்னும் கீழேதான் கிடக்கிறது, யாராவது இறங்கி எண்ணிப் பார்க்கலாம். இன்னொன்றையும் விசாரித்துச் சொல்லுங்கள். ஆயிரத்தில் ஒரு கல்கூட நட முடியாது என்று அன்றைக்குத் தம்பியிடம் சொல்லிவிட்டேன். போன மாசம் வந்த கொத்தனார் ஒருத்தர், அப்போதைய விலைக்கு மூன்று கல் தாராளமாக நட்டிருக்கலாமே என்கிறார். எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் என்னிடம் மட்டும் சொல்லுங்கள்.